ஓகே சொன்ன மகனுக்கு

"அவதான் ஓகே சொல்லிட்டாளே, நீ எதுக்கும்மா நடுவுல நோண்டற?" என்று நேற்று போனில் கேட்டாய். கேட்டதோடு சரி, பதிலுக்கு நிற்கவில்லை. "மீட்டிங் இருக்கு, ஓகே?" என்று வைத்துவிட்டாய். ஒரு நிமிஷப் பேச்சில் அந்தச் சொல்லை இரண்டு தடவை எடுத்தாய். முதல் தடவை, ஒரு பெண் வாழ்நாள் முழுக்க உன்னோடு இருக்கச் சம்மதித்தாள் என்று அதற்கு அர்த்தம். இரண்டாம் தடவை, வாயை மூடு என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துப் பிழைக்கிற உன் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். போனில் எழுதி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் உன் காலேஜ் நோட்டில் மிச்சம் கிடந்த தாள்களைக் கிழித்துப் பேனாவால் எழுதுகிறேன். உறையை ஒட்டப்போவதில்லை. உன் அப்பா படிக்கட்டும், பவித்ராவின் பெரியப்பா படிக்கட்டும், பெங்களூரில் உன்னோடு அறையில் இருப்பவர்கள் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. உனக்கும் பவித்ராவுக்கும் நிச்சயதார்த்தம் என்று நாள் குறித்திருக்கிறோம், அதற்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அந்தப் பெண் இன்னும் சம்மதிக்கவே இல்லை என்று நான் சொல்கிறேன். ஏன் என்று எழுதுகிறேன், முழுக்கப் படி.

இந்தச் சொல்லைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை உண்டு. ஓசூர் சிப்காட்டில் பிரேக் டிரம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கடைசிப் பரிசோதனை மேசையில் நின்றவள் நான். வார்ப்பில் காற்றுக்குமிழ் ஓட்டை இருக்கிறதா, விளிம்பில் விரிசல் ஓடியிருக்கிறதா என்று ஒவ்வொரு டிரம்மையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும். அளவு பார்க்கவேண்டும். எல்லாம் நல்லதென்றால் அந்தப் பெட்டிக்கு ஒரு பச்சை அட்டை கட்டவேண்டும். அட்டையில் ஓகே என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அதன் கீழே பார்த்தவர் தன் நம்பர் சீலைக் குத்தவேண்டும். என் நம்பர் ஏழு. ஏழு குத்திய பெட்டியை அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை, நேராக லாரிக்குப் போகும். எங்கள் மேசையில் ஓகே என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: நான் என் கண்ணால் பார்த்தேன், இதற்கு நான் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் அதே சொல்லுக்கு மானம் மரியாதை எதுவும் கிடையாது. பாகலூர் ரோட்டுத் தையல்காரம்மா "ஓகேங்க மேடம்" என்றால் துணியை இன்னும் வெட்டவே இல்லை என்று பொருள். குழாய் ரிப்பேர்காரர் "ஓகே ஆயிடும்" என்றால் ஆகாது. ஸ்கேன் பார்க்கிற டாக்டர் தலையைத் தூக்காமல் "எல்லாம் ஓகே" என்றால், எழுந்து போ, அடுத்த ஆள் வரட்டும். நான் வைத்த குழம்பை உன் அப்பா "ஓகேதான்" என்றால் அது வாயில் வைக்க விளங்கவில்லை. இரட்டையாக "ஓகே ஓகே" என்றால் நாம் பேச்சை நிறுத்தவேண்டும், இழுத்து "ஓகேஏ" என்றால் நம்மை நம்பவில்லை. லோன் ஓகே ஆகும், லீவு ஓகே ஆகும், மாப்பிள்ளையும் ஓகே ஆவார். ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் வார்ப்புப் பகுதியில் வேலை பார்த்த ஒருவரிடம் கையுறை போடச் சொல்லித் தினமும் கெஞ்சுவேன். "ஓகே அக்கா" என்பார், போடமாட்டார். அவருக்குத் தமிழில் தெரிந்ததே அந்த இரண்டு சொல்தான், அதைச் சொன்னால் நான் போய்விடுவேன் என்பதும் தெரியும். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். பெரிய படிப்புப் படித்த எங்கள் மேனேஜரும் அதையேதான் செய்தார். "இந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் வரணும், ஓகேவா?" என்பார். கேட்பது போலத்தான் இருக்கும், ஆனால் பதிலுக்கு நிற்கமாட்டார், திரும்பி நடக்க ஆரம்பித்திருப்பார். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று வாய்க்கு வந்ததைக் கலந்து பேசுகிற இந்த ஊரில் எல்லாருக்கும் பொதுவான ஒரே பாஷை இதுதான். ஒருவர் கேட்காமல் இருப்பதற்கும் இன்னொருவர் பதில் சொல்லாமல் இருப்பதற்கும் இவ்வளவு வசதியான சொல்லை எவன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

உனக்கு இது சின்ன வயசிலேயே வந்துவிட்டது. நீ ஆறாவது படிக்கும்போது பக்கத்து பெஞ்சுப் பையனின் மூக்கை உடைத்தாய் என்று ஸ்கூலில் கூப்பிட்டு அனுப்பினார்கள். "இனிமே யாரையும் அடிக்க மாட்டியா?" என்று உன் மிஸ் கேட்டார். "ஓகே மிஸ்" என்றாய். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை. மன்னிப்பு இல்லை, வாக்கு இல்லை, நான் செய்யவில்லை என்று ஒரு பொய்கூட இல்லை. ஆனால் அந்த அம்மா திருப்திப்பட்டுச் சிரித்தார், நானும் பெருமையாகச் சிரித்தேன், பிள்ளை இங்கிலீஷில் பதில் சொல்கிறானே என்று. அடுத்த வாரம் வேறொரு பையனின் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தாய். அன்றைக்கே உன் காதைத் திருகி, ஒழுங்காக ஒரு வாக்கியம் பேசு என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. உன்னை இப்படி வளர்த்ததில் எனக்கு நல்ல பங்கு உண்டு.

மிஸ் கூப்பிட்டு அனுப்பிய அன்றைக்கு ஸ்கூலுக்கு வர எனக்கு அரை நாள் தேவைப்பட்டது. மாசக் கடைசி, லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது, லீவு கேட்டால் கிடைக்காது. இங்கே உனக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன், வெளியில் யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் மேசையில் எல்லாருடைய இழுப்பறையிலும் முன்கூட்டியே சீல் குத்திய பச்சை அட்டைகள் இருக்கும். வேலை குறைவான சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து நூறு, நூற்றைம்பது என்று குத்தி ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொள்வோம். பெட்டி வரவர, பார்த்துவிட்டுக் கட்டினால் போதும், நேரம் மிச்சம் என்று ஆரம்பித்த பழக்கம். டிரம் வார்ப்படத்திலிருந்து வரும் முன்னாலேயே அது நல்ல டிரம் என்று நாங்கள் சொல்லி முடித்திருப்போம். சூப்பர்வைசருக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். நான் அந்தக் கட்டை எடுத்து மஞ்சுளாவின் கையில் கொடுத்துவிட்டு உன் ஸ்கூலுக்கு ஓடிவந்தேன்.

மஞ்சுளாவை உனக்கு ஞாபகம் இருக்காது. அத்திப்பள்ளியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வந்த கன்னடக்காரி, என் வயசு, காண்ட்ராக்டில் இருந்தாள், பெட்டி அடுக்குவது அவள் வேலை. பரிசோதனை அவள் வேலையே இல்லை. சூப்பர்வைசர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஓகேவா? ஓகேவா?" என்று விரட்ட, அவள் என் அட்டைகளை எல்லாப் பெட்டிக்கும் கட்டி அனுப்பியிருக்கிறாள். பத்து நாளில் வாங்கிய கம்பெனி ஒரு லோடை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. ஓட்டை ஓட்டையாக இருந்த டிரம்களின் பெட்டியில் என் ஏழாம் நம்பர் தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சீல் யாருடையது என்று அவர் கேட்கவில்லை, அது அவருக்குத் தெரிந்ததுதான். அட்டையைக் கட்டியது யார் என்று மட்டும் கேட்டார். மஞ்சுளா, "நான்தான் சார்" என்றாள். அவர் என்னைப் பார்த்து, "இவங்கள நிறுத்திடறோம், ஓகேவா?" என்றார். நான், "ஓகே சார்" என்றேன்.

இல்லை சார், அது என் சீல் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. சரி என்றுகூட நான் சொல்லவில்லை, அதுதான் கேவலம். சரி சார், அவளை அனுப்பிவிடுங்கள் என்று தமிழில் சொல்லவேண்டியிருந்தால் என் நாக்கு எழும்பியிருக்காது. அந்த இங்கிலீஷ் சொல் இருந்ததால் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மஞ்சுளா தன் டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நான் கேட்டுவரை கூடப் போனேன். "ஹோக்லி பிடி அக்கா" என்றாள். போகட்டும் விடுங்க என்று அர்த்தம். அவள் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த மாசச் சம்பளம் வந்தபோது உனக்கு ஷூ வாங்கினேன். இதை உன் அப்பாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை, இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி உன் கல்யாணத்துக்கு வருகிறேன். பவித்ராவின் போட்டோவை உனக்கு அனுப்பினேன். படித்தது டூல் அண்ட் டை டிப்ளமோ, சூளகிரி பக்கம் புதிதாக வந்திருக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை, குருபரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம், அப்பாவுக்குத் தக்காளியும் முட்டைக்கோசும் போடுகிற நிலம் என்று எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதியிருந்தேன். நாலு நிமிஷத்தில் உன் பதில் வந்தது. இரண்டு எழுத்து. உன் அப்பாவிடம் காட்டினேன். "அவனுக்கு ஓகேன்னா எனக்கும் ஓகே" என்று பேப்பரைத் திருப்பினார். எனக்கும் அது போதுமானதாக இருந்தது. ஒரு வாஷிங் மெஷின் வாங்க மூன்று கடை ஏறி இறங்கிய குடும்பம் நாம். ஒரு மனுஷியைத் தேர்ந்தெடுக்க நமக்கு ஒரு சாயங்காலம்கூடத் தேவைப்படவில்லை.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு நடந்ததை நீ எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாயோ தெரியாது, நான் பார்த்ததைச் சொல்கிறேன். பதினோரு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ போனை மடியில் வைத்துக் குனிந்துகொண்டிருந்தாய். பவித்ராவின் பெரியப்பா, நாகரிகம் தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ள, "பையனும் பொண்ணும் தனியா அஞ்சு நிமிஷம் பேசட்டுங்க" என்றார். மாடிக்குப் போனீர்கள். அஞ்சு நிமிஷம் என்றால் சரியாக அஞ்சு நிமிஷத்தில் இறங்கி வந்தீர்கள், நீ முன்னால், அவள் பின்னால். கடைசி மூன்று படி பாக்கி இருக்கும்போதே பெரியப்பா கீழேயிருந்து, "என்னம்மா, ஓகேவா?" என்று குரல் கொடுத்தார். உறுதி சொல்ல வெற்றிலை பாக்கு எடுத்து வைத்தாயிற்று, உன் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாயிற்று, உள்ளே பாயசத்துக்கு ஏலக்காய் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள், "ஓகே பெரியப்பா" என்றாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் சொல்லும்போது அவள் எங்கே பார்த்தாள் என்பதை நான் பார்த்தேன். பெரியப்பாவைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்க்கவில்லை, வெட்கப்பட்டுக் குனியவும் இல்லை. வாசலில் கழட்டி விட்ட செருப்புகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் சீல் குத்துகிறவர்களோடு நின்றிருக்கிறேன். டிரம்மைப் பார்த்துவிட்டுக் குத்துகிறவள் கை குத்திய பிறகும் அதன்மேல் ஒரு நொடி நிற்கும். பார்க்காமல் குத்துகிறவளின் கண் வேறெங்கோ இருக்கும், பெரும்பாலும் வாசலில் நிற்கிற லாரிமேல். எனக்கு அப்போதே தெரிந்தது, பவித்ராவின் ஓகே அவளை யாரும் கேட்கும் முன்னாலேயே குத்தி வைக்கப்பட்டிருந்தது என்று. தெரிந்தும் பாயசம் குடித்துவிட்டுத்தான் வந்தேன். வழியெல்லாம் உன் அப்பா, "நல்ல குடும்பம், நல்ல குடும்பம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வாரம் தூக்கம் சரியில்லை.

போன வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கிருஷ்ணகிரி பஸ் பிடித்து சூளகிரியில் இறங்கினேன். அவள் ஷிப்ட் மூன்றரைக்கு முடியும் என்று அவள் அம்மா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து சாம்பல் கலர் கோட்டோடு இறங்கியவள் என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "என்னங்கத்தை, வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றாள். நல்லா இருக்கிறார்கள், ஒரு டீ குடிக்கலாம் வா என்று ஹைவே ஓர பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். முதலில் அவள் வேலையைக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, அரை மணி நேரம் நிறுத்தவில்லை. அச்சு செய்கிற மெஷினுக்கு அவளே புரோகிராம் போடுகிறாளாம். முதல் வருஷம் அவளைத் தரையைத் துடைக்கச் சொன்னார்களாம், இரண்டாம் வருஷம் பக்கத்தில் நிற்கச் சொன்னார்களாம், இப்போது அவள் போட்ட புரோகிராமை மூன்று ஆண்பிள்ளைகள் ஓட்டுகிறார்களாம். சித்திரையில் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிஞ்சு போச்சு என்று அவளே சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"ஏம்மா முடிஞ்சு போச்சு?"

"வேலைய விட்டுடணும்ல, அத்தை. மாடியில அவரு சொன்னாரு. பெங்களூர் வந்துட்டா வேலைக்கெல்லாம் போவ வேண்டியதில்ல, ஓகேவான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஓகேன்னேன்."

"உனக்கு இஷ்டமா, வேலைய விட?"

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்த வீட்டில் நான் பார்க்காத முகம் அது. "இப்படி யாருமே கேக்கலீங்கத்தை. ஓகேவா ஓகேவான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. ஓகேவான்னு கேட்டா ஓகேன்னுதான சொல்லமுடியும்? வேற என்ன சொல்றது?" என்றாள். டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு இஷ்டம் இல்லீங்க" என்றாள். கல்யாணத்தில் இஷ்டம் இல்லையா, வேலையை விடுவதில் இஷ்டம் இல்லையா என்று கேட்டேன். "வேலைய விடறதுல இல்ல. கல்யாணம்... அவரத் தெரிஞ்சாத்தானுங்களே சொல்லமுடியும். அஞ்சு நிமிஷமும் அவருதான் பேசுனாரு. அவங்க அபார்ட்மெண்டுல ஜிம் இருக்குதுன்னாரு, நீச்சல் குளம் இருக்குதுன்னாரு. கெட்டவருன்னு நான் சொல்லல" என்றாள்.

நீச்சல் குளமாம். உனக்கு நீந்தத் தெரியாது. ஒரு பெண்ணின் மூன்று வருஷ உழைப்பைத் தூக்கி எறி என்று சொல்லவந்தவனுக்கு அங்கே அவள் என்ன செய்கிறாள் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. ஓசூரில் பாதிக் குடும்பம் ஒருவர் பெங்களூர் பக்கமும் ஒருவர் கிருஷ்ணகிரி பக்கமும் வேலைக்குப் போய்த்தான் வாழ்கிறது. காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றால் புருஷன் ஒரு பஸ்ஸிலும் பெண்டாட்டி எதிர் பஸ்ஸிலும் ஏறுவதைப் பார்க்கலாம். நானும் உன் அப்பாவும் அப்படி வாழ்ந்த வீட்டில்தான் நீயும் வளர்ந்தாய். இங்கே வீடு எடுத்தால் அவளும் போகலாம், நீயும் போகலாம். இது புரிய எந்தப் படிப்பும் வேண்டாம், அவளை ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாலு லட்சம் பேர் உபயோகிக்கிற ஆப் எழுதுகிறேன் என்று மார்தட்டுகிறாய், எதிரில் நின்ற ஒருத்தியிடம் உனக்குக் கேட்கத் தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருகிற எரிச்சலில் பாதி என்மேல்தான், ஆனாலும் உன் பாதியை நான் குறைத்துக்கொள்ளமாட்டேன்.

சனிக்கிழமை அவள் அப்பாவுக்குப் போன் செய்து, நிச்சயதார்த்தப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கவேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள் என்று சொன்னேன். மனுஷன் பதறிவிட்டார். "ஏனுங்க சம்பந்தி, எங்க பொண்ணு பக்கம் ஏதாச்சும் குறையா?" என்றார். உங்கள் பெண் பக்கம் ஒன்றுமில்லை, குறையெல்லாம் என் பையன் பக்கம்தான் என்றேன். அதை அவர் உன்னிடம் சொல்ல, நீ என்னிடம் நோண்டற என்றாய். ஆமாம், நோண்டத்தான் செய்கிறேன். அட்டை கட்டின பெட்டியை யாரும் திறக்கமாட்டார்கள் என்று சொன்னேனே, இந்தப் பெட்டியை நான் திறக்கிறேன். ஊரில் என்னைத்தான் பேசுவார்கள். சொந்த மகன் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்பார்கள், மருமகள் சம்பளத்துக்கு ஆசைப்பட்டாள் என்பார்கள், பெரியப்பா என்னை வாசலில் ஏற்றமாட்டார். பரவாயில்லை. பவித்ரா வேண்டாம் என்று சொன்னால், பெண் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள், அவர்கள் சொன்னது நியாயம் என்று நானே நாலு வீடு ஏறிச் சொல்லுவேன். அவள் தலையில் ஒரு துளி பழி விழ விடமாட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லவேண்டும் என்று உட்கார்ந்தால் என் வண்டவாளம்தான் அதிகமாக எழுத வந்திருக்கிறது. அதையே புத்தியாக எடுத்துக்கொள். ஒரு ஆளிடம் ஒன்றைக் கேட்டால், அவர் இல்லை என்று சொல்ல இடம் வைத்துக் கேள். பதில் வருகிறவரை நில். உன்னிடம் யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல், முடியாது என்று சொல், தெரியவில்லை, யோசிக்கவேண்டும் என்று சொல். சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தக் கூச்சத்தோடேயே சொல். வாய்க்கு வசதியாக இருக்கிறதே என்று ஒரு சொல்லின் பின்னால் ஒளிந்துகொண்டு வாழ்வது கையாலாகாத்தனம். நான் அப்படி வாழ்ந்தேன், அதனால் ஒருத்தியின் பிழைப்புப் போயிற்று.

கடைசியாக ஒன்று. பேக்கரியிலிருந்து எழுந்து வந்தோம், அவள் ஊருக்குப் போகிற ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏறப்போனவள் திரும்பி வந்து, "அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. அவருக்கு என்னப் புடிச்சிருக்குதுங்களா?" என்றாள். நான் உடனே வாயைத் திறந்தேன். போட்டோ அனுப்பினபோது நீ சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. உன்னை நான் கேட்டதே இல்லை. பிடித்திருக்கிறதா, ஏன் பிடித்திருக்கிறது, மனசில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டு வேறு பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்துதான் கேட்கவில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். உன்னைப் பெற்று இருபத்தொன்பது வருஷம் ஆகிறது, இப்போதுதான் கேட்கிறேன்: பவித்ராவை உனக்குப் பிடித்திருக்கிறதா? பதிலை எனக்கு எழுதாதே. வருகிற சனிக்கிழமை மூன்றரை மணிக்கே சூளகிரி பஸ் ஸ்டாப்புக்குப் போய் நில், அவள் இறங்கியதும் அவளிடம் சொல்.